எந்தப் புத்தகத்தில் தொடங்குவது?

வெப் டிசைன் கற்றுக்கொள்ள எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். உட்காருங்கள், டீ வரட்டும். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் இந்தத் துறைப் புத்தகங்களில் சில, ஐந்து வருடம்கூடத் தாங்குவதில்லை. வேறு சில, முப்பத்தைந்து வருடம் தாண்டியும் அப்படியே நிற்கின்றன. எது எந்த ரகம் என்று தெரியாமல் வாங்கினால் காசு போவது மட்டுமில்லை, ஆர்வமும் போய்விடும். அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் டேவிட் சீகல் பற்றிச் சொல்ல வேண்டும். 1996-இல் இவர் எழுதிய 'கிரியேட்டிங் கில்லர் வெப் சைட்ஸ்' அந்தக் காலத்து டிசைனர்கள் விரும்பிப் படித்த புத்தகம். அப்போது பக்கத்தை இரண்டு மூன்று பத்திகளாகப் பிரித்து, நினைத்த இடத்தில் நினைத்ததை வைக்க, இணையப் பக்கத்தை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லில் நேரான வழி கிடையாது. டிம் பெர்னர்ஸ்-லீ இணையத்தை அமைத்தது செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் தகவல் பகிர்ந்துகொள்வதற்காக. பக்கத்தின் அலங்காரம் அவருடைய கவலையாக இருக்கவில்லை. சீகல் ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுத்தார். புள்ளிவிவர அட்டவணை போடுவதற்காக வந்த டேபிளை எடுத்து, அதன் கோடுகளை மறைத்துவிட்டு, பக்கம் முழுவதையும் அந்தக் கட்டங்களுக்குள் அடுக்கு. இடைவெளி வேண்டுமா? ஒரே ஒரு பிக்சல் அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத படத்தைப் போட்டு வேண்டிய அகலத்துக்கு இழு. பக்கங்கள் அழகாக வந்தன. உலகமே அப்படிச் செய்ய ஆரம்பித்தது.

அடுத்த வருடமே, 1997-இல், இணையத்தைக் கெடுத்ததே நான்தான் என்று சீகலே ஒரு கட்டுரை எழுதினார். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் அந்தக் கட்டங்களை ஒவ்வொன்றாக வாசிக்கும்போது செய்தி துண்டு துண்டாக விழும். திரையின் அளவு மாறினால் பக்கம் சிதறும். ஒரு தலைப்பின் நிறத்தை மாற்ற நூறு பக்கங்களைத் திறக்க வேண்டும். தான் எழுதியதைத் தானே மறுக்க ஒருவருக்கு எவ்வளவு நேர்மை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அந்தக் கட்டுரையால்தான்.

இதற்கெல்லாம் சரியான தீர்வு அதே 1996 டிசம்பரில் வெளிவந்துவிட்டது. ஹோக்கன் வியூம் லீ 1994-இல் முன்வைத்த சி.எஸ்.எஸ். அப்போதுதான் முறையான பரிந்துரை ஆனது. செய்தி எச்.டி.எம்.எல்.லில் இருக்கட்டும், தோற்றம் தனியாக சி.எஸ்.எஸ்.ஸில் இருக்கட்டும் என்பதுதான் அதன் சாரம். பிரவுசர்கள் அதை ஒழுங்காக ஏற்றுக்கொள்ளப் பல வருடம் ஆனது. 2003-இல் ஜெஃப்ரி ஜெல்ட்மேன் 'டிசைனிங் வித் வெப் ஸ்டாண்டர்ட்ஸ்' எழுதி அந்த மாற்றத்துக்காக வாதாடினார். அதே வருடம் டேவ் ஷே என்ற கனடாக்காரர் 'சி.எஸ்.எஸ். ஜென் கார்டன்' என்று ஒரு தளம் தொடங்கினார். எச்.டி.எம்.எல். ஒன்றேதான், அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. சி.எஸ்.எஸ்.ஸை மட்டும் மாற்றி யார் வேண்டுமானாலும் புதுத் தோற்றம் அனுப்பலாம். ஒரே பக்கம் நூற்றுக்கணக்கான தோற்றங்களில் நின்றதைப் பார்த்தபோது பலருக்கும் விஷயம் பளிச்சென்று புரிந்தது.

ஆக, சீகல் புத்தகத்தில் பழசாகிப் போனது எது? அன்றைய பிரவுசரின் போதாமையைத் தாண்டுவதற்கான உத்தி. பிரவுசர் தேறியதும் உத்திக்கு வேலையில்லை. ஆனால், கணினிப் புத்தகம் என்றாலே சீக்கிரம் காலாவதியாகிவிடும் என்று பொதுவாகச் சொல்கிறார்களே, அதை நான் ஏற்கமாட்டேன். பெர்னர்ஸ்-லீயின் முதல் இணையப் பக்கத்தை செர்ன் 2013-இல் பழைய முகவரியிலேயே மறுபடி ஏற்றி வைத்தது. இன்று உங்கள் செல்போனில் திறந்தாலும் அது ஒழுங்காகத் தெரியும். தலைப்பு, பத்தி, லிங்க், பட்டியல் என்ற அந்த அடிப்படைகள் மாறவே இல்லை. அடிப்படையைச் சொல்லும் புத்தகம் நிற்கும், மனிதர்களைப் பற்றிச் சொல்லும் புத்தகம் அதைவிட உறுதியாக நிற்கும். வாங்கும்போது இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டாலே போதும்.

மனிதர்களைப் பற்றிய புத்தகம் என்றால் நான் முதலில் கையில் கொடுப்பது டான் நார்மன் எழுதியதை. 1988-இல் வந்தது, பெர்னர்ஸ்-லீ இணையத்துக்கான முதல் திட்டத்தை எழுதியதே 1989-இல்தான். இப்போது 'தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்' என்ற பெயரில் கிடைக்கிறது. வாங்கினால் 2013-இல் வந்த திருத்திய பதிப்பையே வாங்குங்கள். அட்டையில் ஒரு பாத்திரம் இருக்கும். கைப்பிடியும் ஊற்றும் மூக்கும் ஒரே பக்கம். ஊற்றினால் கையில்தான் கொட்டும். ஜாக் காரெல்மன் என்ற பிரெஞ்சுக் கலைஞர் கற்பனையில் செய்தது.

உள்ளே இணையம் பற்றிய பாடம் எதுவும் கிடையாது. கதவு, குழாய், அடுப்பு, ஸ்விட்ச் இவைதான். இழுக்க வேண்டிய கதவை நாம் ஏன் தள்ளுகிறோம்? நாலு பர்னர் அடுப்பில் எந்தத் திருகு எந்த பர்னருக்கு என்று ஏன் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறோம்? பர்னர்கள் சதுரமாக நிற்கின்றன, திருகுகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. எது எதற்கு என்று சொல்ல அடுப்பின்மேல் குட்டிப் படம் அச்சடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பர்னர் அடுப்பில் இந்தக் குழப்பமே வராது, இடதுக்கு இடது, வலதுக்கு வலது. தப்பு நம்மேல் இல்லை, பொருளைச் செய்த விதத்தில் என்கிறார் நார்மன். இதைப் படித்தபிறகு நீங்கள் ஒரு திரையைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். பத்துப் பொருள்கள் உள்ள பட்டியலில், ஒவ்வொன்றுக்கும் 'நீக்கு' என்ற பட்டன் இரண்டு வரிகளுக்கு நட்டநடுவில் நின்றால் எது நீங்கும், மேலே உள்ளதா கீழே உள்ளதா? அடுப்புத் திருகின் பிரச்சினையேதான். அதற்கான மருந்தை ராபின் வில்லியம்ஸ் 1994-இல் எழுதிய 'தி நான்-டிசைனர்ஸ் டிசைன் புக்' நாலே விதிகளில் சொல்கிறது: வேறுபாடு தெரியட்டும், ஒரே மாதிரி திரும்ப வரட்டும், ஒரு கோட்டில் நிற்கட்டும், சேர்ந்தவை பக்கத்தில் இருக்கட்டும். ஓவியக் கல்லூரிக்குப் போகாதவர்களுக்கென்றே எழுதியது.

டீ வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஸ்டீவ் க்ரூக். 'டோன்ட் மேக் மி திங்க்' 2000-இல் வந்தது, மூன்றாம் பதிப்பு 2014-இல். ஒரு விமானப் பயணத்தில் படித்து முடிக்கிற அளவுக்கு வேண்டுமென்றே சின்னதாக எழுதினார். நமக்குச் சென்னையிலிருந்து மதுரைக்குப் பகல் ரயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மக்கள் இணையப் பக்கத்தைப் படிப்பதில்லை, மேய்கிறார்கள் என்பதுதான் அவருடைய அடித்தளம். இருப்பதிலேயே சிறந்த லிங்க் எது என்று யாரும் ஆராய்வதில்லை. ஓரளவு பொருத்தமாகத் தெரிகிற முதல் லிங்க்கைத் தட்டிவிடுகிறார்கள். அதனால் பக்கத்தில் உள்ள சொற்களில் பாதியை வெட்டுங்கள், மிச்சத்தில் இன்னொரு பாதியையும் வெட்டுங்கள் என்பது அவர் யோசனை. எங்கள் இணையதளத்திற்குத் தங்களை அன்புடன் வரவேற்கிறோம் என்று தொடங்கும் பக்கம் உங்களிடம் இருந்தால் அந்தப் பத்தியிலிருந்தே வெட்ட ஆரம்பிக்கலாம்.

ஜேக்கப் நீல்சன் எழுதிய 'டிசைனிங் வெப் யூசபிலிட்டி' ஒரு காலத்தில் துறையின் பெரிய புத்தகம். 1999 கடைசியில் வந்தது. அன்றைய திரை அளவுகளையும் மோடம் வேகத்தையும் வைத்து எழுதிய பகுதிகள் உதிர்ந்துவிட்டன. நூலகத்தில் கிடைத்தால் புரட்டுங்கள், காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

இந்தப் புத்தகங்களையெல்லாம் படித்தவர் ஒரு சின்ன வேலையை எப்படிச் செய்வார் என்று காட்டினால்தான் இவ்வளவும் எதற்கு என்று புரியும். ஒரே ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். 'கைபேசி எண்' என்று எழுதி, பக்கத்தில் நிரப்ப ஒரு பெட்டி.

முதல் முயற்சியில் எல்லோரும் செய்வது, பெட்டிக்கு உள்ளேயே வெளிர் சாம்பலில் 'கைபேசி எண்' என்று எழுதிவிடுவது. பார்க்கக் கச்சிதமாக இருக்கும். தட்டத் தொடங்கியதும் அந்த எழுத்து மறைந்துவிடும். நடுவில் ஒரு போன் வந்து, பேசிவிட்டுத் திரும்பினால், இந்தப் பெட்டியில் என்ன கேட்டார்கள் என்று நினைவிருக்காது. க்ரூக் படித்தவர் எழுத்தைப் பெட்டிக்கு மேலே, வெளியே வைப்பார். அந்தச் சாம்பலும் சிக்கல்தான். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச விகிதம் 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது அணுகல்தன்மைக்கான உலக அளவுகோல். வெள்ளையின்மேல் #777 என்ற சாம்பல் 4.48-இல் நின்று தோற்கிறது. அதைவிட ஒரு நூல் கறுத்த #767676 தேறிவிடுகிறது. கண்புரை உள்ளவரும் வெயிலில் நின்று போனைப் பார்ப்பவரும் அந்த அளவுகோலுக்குள் இருக்கிறார்கள்.

இப்போது எச்.டி.எம்.எல்.லுக்கு வருவோம். மேலே எழுதிய சொற்களை வெறும் எழுத்தாக விட்டால், போனில் அந்தச் சொற்களைத் தட்டினால் எதுவும் நடக்காது. அதையே லேபிள் என்ற டேகுக்குள் வைத்து, அதன் 'ஃபார்' பண்பில் பெட்டியின் 'ஐடி'யைக் கொடுத்துவிட்டால், சொல்லைத் தட்டினாலும் கர்சர் பெட்டிக்குள் போய் நிற்கும். தடித்த விரல்களுக்குத் தொடும் இடம் பெரிதாகிவிடுகிறது. ஸ்கிரீன் ரீடரும் பெட்டிக்கு வந்ததும் 'கைபேசி எண்' என்று வாசித்துச் சொல்லும். பெட்டியின் 'டைப்'பை 'டெல்' என்று வைத்தால் போனில் எண் பலகையே திறக்கும். ஒரு வரி, இரண்டு வரி வேலைதான்.

கடைசியாக, தப்பாக நிரப்பினால்? 'தவறான உள்ளீடு' என்று சிவப்பில் திட்டுவதை நார்மன் படித்தவர் செய்யமாட்டார். '10 இலக்கம் வேண்டும், 9 தான் இருக்கிறது' என்பார். எண்ணுக்கு நடுவில் யாராவது இடைவெளி விட்டிருந்தால் அதை நம் நிரலே நீக்கிக்கொள்ளட்டும். முன்னால் +91 போட்டிருந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளட்டும். இயந்திரம் செய்யக்கூடிய வேலையை மனிதர் தலையில் ஏன் கட்ட வேண்டும்? ஒரு பெட்டிக்கே இத்தனை இருக்கிறது. இப்படி ஒரு பெட்டியை முழுசாகச் செய்து பழகியவர், பத்துப் பக்கம் நகலெடுத்து ஒட்டியவரைவிடத் தேர்ந்தவர் என்பேன்.

செய்துவிட்டீர்கள். சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? க்ரூக் இதற்கென்றே 'ராக்கெட் சர்ஜரி மேட் ஈஸி' என்று இன்னொரு புத்தகம் எழுதியிருக்கிறார். மாதத்தில் ஒரு காலை, மூன்று பேர், அவ்வளவுதான் அவர் கேட்பது. நீல்சன் ஒரு கணக்கே போட்டுக் காட்டினார். ஒரு ஆள் சராசரியாக 31 சதவீதப் பிரச்சினைகளை வெளிக்கொண்டு வருவார். ஐந்து பேரைப் பார்த்தால் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும். அதற்குமேல் ஆள் சேர்ப்பதைவிடத் திருத்திவிட்டு மறுபடி சோதிப்பதே லாபம். முறை எளிது. உங்கள் அத்தையையோ பக்கத்து வீட்டு அண்ணனையோ உட்கார வைத்து, இந்தப் பக்கத்தில் இன்னது செய்யுங்கள், மனசில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள் என்று கேளுங்கள். சோதனை பக்கத்துக்குத்தான், உங்களுக்கு இல்லை அத்தை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும். அதுதான் கடினம். 'அங்கே இல்லை, மேலே பாருங்கள்' என்று நாக்கு நுனி வரை வரும். சொல்லிவிட்டால் அன்றைய பாடம் போயிற்று.

இனி, கோடிங் கற்றுத்தரும் புத்தகத்தைத் தேர்வு செய்வது. கடையில் நின்றபடியே ஒரு சோதனை செய்யலாம். பின்பக்கப் பொருளடைவில் 'ஃபிளெக்ஸ்பாக்ஸ்', 'கிரிட்' இரண்டும் இருக்கின்றனவா பாருங்கள். பக்கத்தை அடுக்க சி.எஸ்.எஸ். கடைசியில் கொண்டுவந்த ஒழுங்கான வழி இவைதான். கிரிட் முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றுக்கும் வந்தது 2017-இல். இரண்டும் இல்லாமல் ஃபுளோட் என்ற பழைய உத்தியை வைத்துப் பக்கம் கட்டச் சொன்னால் அது பழைய புத்தகம். ஜான் டக்கெட்டின் 'எச்.டி.எம்.எல். அண்ட் சி.எஸ்.எஸ்.' 2011-இல் வந்தது, படமும் வண்ணமுமாக அவ்வளவு அழகான புத்தகம், இன்றும் விற்கிறது. அதில் டேகுகள், ஃபார்ம், நிறம், எழுத்து பற்றிய அத்தியாயங்களைத் தயங்காமல் படிக்கலாம். ஃபிளாஷ் பற்றிய பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள், அடோபி அதை 2020-ஓடு மூடிவிட்டது. பக்கத்தை அடுக்கும் லேஅவுட் அத்தியாயத்துக்குப் பதிலாக எம்.டி.என். என்ற இணைய உதவித் தளத்தில் கிரிட் படியுங்கள். ஒரே பக்கம் போனுக்கும் கணினிக்கும் பொருந்தும்படி செய்வதற்கு, ஈதன் மார்கோட்டின் 2011 புத்தகம் 'ரெஸ்பான்ஸிவ் வெப் டிசைன்'. மெலிந்த புத்தகம், அதன் எண்ணம் நிற்கிறது, கணக்குகள் பழசு.

தமிழிலேயே தொடங்க வேண்டும் என்றால் கணியம் அறக்கட்டளையின் 'எளிய தமிழில்' வரிசை மின்னூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எச்.டி.எம்.எல்.லும் சி.எஸ்.எஸ்.ஸும் அதில் உண்டு. ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் அங்கே ஒரு சுற்று முடித்துவிட்டு ஆங்கிலப் புத்தகத்துக்குப் போனால் பாதி பயம் போய்விடும்.

பக்கத்தை இயங்க வைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்கு மரைன் ஹாவர்பெக்கின் 'எலொக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட்'. இணையத்தில் முழுதும் இலவசம், நான்காம் பதிப்பு 2024-இல் வந்தது, படிக்கிற இடத்திலேயே நிரலை ஓட்டிப் பார்க்கலாம். ஏற்றம் கொஞ்சம் செங்குத்து. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் உள்ள பயிற்சிகளைச் செய்யாமல் அடுத்ததுக்குப் போகாதீர்கள். ரியாக்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள் சீக்கிரம் மாறுபவை, அவற்றுக்குப் புத்தகமே வாங்க வேண்டாம்.

ஆங்கிலப் புத்தகங்களில் நீங்கள் தேடினாலும் கிடைக்காத ஒன்று இருக்கிறது, தமிழ் எழுத்து. ராபர்ட் பிரிங்ஹர்ஸ்ட் 1992-இல் எழுதிய அச்செழுத்துக் கலைப் புத்தகம் ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்து வரை வசதி, 66 உகந்தது என்கிறது. வெப் டிசைனர்களும் அதைப் பிடித்துக்கொண்டு சி.எஸ்.எஸ்.ஸில் 'சி.எச்.' என்ற அலகில் 66 என்று எழுதுகிறார்கள். அந்த அலகு பூஜ்ஜியத்தின் அகலம். நம் 'ணை'யும் 'ஞா'வும் பூஜ்ஜியத்தைவிட எவ்வளவோ அகலம், ஆகவே அதே அகலத்தில் தமிழ் எழுத்துகள் மிகக் குறைவாகவே அடங்கும். 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' மாதிரி ஒரு சொல் போன் திரையின் ஒரு வரியையே பிடித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட பத்தியை இருபுறமும் சமமாக நிறுத்தினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாகத் தெரியும். இடப்பக்கம் மட்டும் நேராக விடுங்கள். மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரக் காலும் இருப்பதால் வரி இடைவெளியையும் ஆங்கிலத்துக்குக் கொடுப்பதைவிடக் கூட்டுங்கள்.

பெயர் நிரப்பும் பெட்டியில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 'கிருஷ்ணமூர்த்தி' என்பது நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. பிரவுசருக்கு அது 15. புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் யூனிகோடில் தனித்தனியாக எண்ணுகிறது. பத்து எழுத்து தாராளம் என்று நினைத்து பெட்டிக்கு 'மேக்ஸ்லெங்த்' 10 என்று வைத்தால் அவர் பெயர் 'கிருஷ்ணமூர' என்று நின்றுவிடும், ரகரத்துக்குப் புள்ளிகூட வைக்க முடியாது. பைட் கணக்கில் வரம்பு வைக்கும் டேட்டாபேஸ் என்றால் இன்னும் மோசம், யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 45 ஆகிவிடும். நம் கண் எண்ணுகிற மாதிரி எண்ண வேண்டும் என்றால் ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டல் செக்மென்டர்' என்ற வசதி இருக்கிறது. 2024-இலிருந்து முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. ஆனால் பெயருக்கு வரம்பு எதற்கு? வைத்தே ஆக வேண்டும் என்றால் 100 வையுங்கள். ஃபார்ம் செய்து முடித்ததும் 'டெஸ்ட்' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்க்காமல், உங்கள் தெருவில் உள்ளதிலேயே நீளமான பெயரைத் தமிழில் அடித்துப் பாருங்கள்.